பேத்தி எறிந்த இரண்டு ஏஸ்கள்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, எந்த ஆண்டென்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் பக்கம் நாங்கள் இருக்கும் நாலாம் மாடி வீட்டின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் நடந்தது இது. வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே நான் கச்சான், அதுதான் நிலக்கடலை, வறுத்துக்கொண்டிருந்தேன். கச்சானை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அன்றைக்கு அவள் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். அதனால் இடையிடையே பேனையை வைத்துவிட்டு, இதெல்லாம் எனக்குச் சொல்லவேயில்லையே என்று என்னை முறைக்கிறாள். எழுதடி பிள்ளை, எழுது.

அன்று வீட்டில் இருந்தது மூன்று பேர். நான், பேத்தி, மருமகன். பேத்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். மருமகன் பஸ் ஓட்டுகிறவர். அன்று அவருக்கு ஓய்வு நாள். ஓய்வு நாளில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குசினி யன்னலோரம் இருப்பார். வாசிக்கிறாரா நித்திரையா என்று யாருக்கும் தெரியாது.

நானும் மருமகனும் நேரே நின்று கதைக்கிற வழக்கம் இல்லை. சண்டை என்று நினைக்க வேண்டாம், அது மரியாதை. "அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு பிள்ளை" என்று பேத்தியிடம் சொல்வேன். அவர் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். "அம்மம்மாவிட்டைச் சொல்லு, அஞ்சு நிமிசம்" என்பார். பேத்தி இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாள். ஆனால் 304 என்ற சீட்டாட்டத்துக்கு உட்கார்ந்தால் நாங்கள் சோடி. எதிரெதிரே இருந்து, கண்ணாலேயே ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம். ஒஸ்லோத் தமிழருக்குள் மாமியும் மருமகனும் சோடி சேர்ந்து விளையாடியது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

304 தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர், இரண்டு சோடி, ஆளுக்கு எட்டுத் தாள். ஆளுக்கு ஒன்றாக நாலு தாள் விழ, பெரிய தாள் போட்டவர் அள்ளுவது ஒரு பிடி, மொத்தம் எட்டுப் பிடி. யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டிலும் விளையாடுவார்கள், செத்த வீட்டிலும் விளையாடுவார்கள். என்னை எட்டு வயதில் பள்ளிக்கூடத்தால் நிறுத்தித் தம்பிமாரைப் பார்க்க விட்டார்கள். அவர்கள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்தே தாள்களைக் கற்றுக்கொண்டேன். இஸ்கோப்பன், ஆடுதன், உருவிதன், களாவரை என்று நாலு சாதி. என் அரிவரி அதுதான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மொழி படிக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஓவென்ற எழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு வேறு ஏதோ சத்தம் என்றார்கள். போதும் சாமி என்று வந்துவிட்டேன். ஆனால் ஒன்று, எங்கள் களாவரையை இவர்களும் க்ளோவர் என்கிறார்கள், உருவிதனை ரூத்தர் என்கிறார்கள். அதைக் கேட்ட அன்று, அட, இது தெரிந்த ஊர்தான் என்று மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிறுக்கு முந்தின ஒரு வருடமாக நானும் மருமகனும் 304 விளையாடவில்லை. காரணம் லில்லெஸ்ட்ரோமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த தமிழர் போட்டி. கடைசிச் சுற்றுக்குப் போக வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பிடியால் தோற்றோம். மருமகன் ஆறாவது பிடியில் வைத்திருக்க வேண்டிய களாவரை ஏஸை விட்டுவிட்டார். அதனால்தான் தோற்றோம் என்று நான் கோயிலிலும் சொன்னேன், தமிழ்க் கடையிலும் சொன்னேன், பிறந்தநாள் வீடுகளிலும் சொன்னேன். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. ஆனால் காட்ஸ் பெட்டியை அவரே எடுத்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார்.

இனிப் பேத்தி. அவள் கம்ப்யூட்டரில் போக்கர் விளையாடுவாள். உலகத்தில் எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் ஒரே மேசையில் கூடி விளையாடும் போட்டிகளாம். மருமகனுக்கு அது கண்ணில் காட்டக்கூடாது. "சூதாடித்தான் தருமர் காட்டுக்குப் போனவர்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்குவார். எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. அவள் விளையாடுகிற நேரம் கொஞ்சம், விளையாடி முடித்ததை ஆராய்கிற நேரம்தான் நிறைய. நடந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் எழுதித் தருமாம். அதை அச்செடுத்து, சிவப்புப் பேனையால் கோடு போட்டு, இந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஒரு தாளை மூன்று நாள் வைத்துக்கொண்டு முழிப்பாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவு முழுக்க அந்தக் கடதாசிகள்தான். எங்கள் ஆட்களும் அப்படித்தானே, விளையாட்டு அரை மணித்தியாலம், அதைப் பற்றிய வாய்ச்சண்டை ஒரு கிழமை.

போக்கரைப் பற்றி நோர்வேஜிய மொழியில் எழுதுகிற ஓர் இணையத்தளம் இருந்தது. சிக்கலான ஆட்டம் ஒன்றை எடுத்து, அதில் எடுத்த முடிவு சரியா பிழையா என்று கிழமைக்கு ஒரு முறை விளக்கி எழுத ஓர் ஆள் தேடினார்கள். விரும்பினவர்கள் தாங்களே விளையாடின ஓர் ஆட்டத்தை ஆராய்ந்து எழுதி அனுப்ப வேண்டும். கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். இரண்டு பேர் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களாம். மூன்றாவது எங்கள் பிள்ளை. அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தான், அவள் ஒரு பெட்டை என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது. அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை. கடைசிக் கட்டுரையை அந்த ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். போக்கரே தெரியாத ஓர் ஆளுக்கும் விளங்க வேண்டும்.

"அம்மம்மா, நீங்கள்தான் அந்த ஆள்" என்று வந்து நின்றாள். அப்போது ஒரு மணி.

"என்னை ஏன் பிள்ளை? ஒண்டும் தெரியாத ஆள் எண்டு தேடிப் பிடிச்சனியோ?"

"ஓம். உங்களுக்கு விளங்கினால் முழு நோர்வேக்கும் விளங்கும்."

கோபம் வரவேண்டிய பேச்சு. எனக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் விளையாட்டைச் சொன்னாள். ஆளுக்கு இரண்டு தாள் கையில், மற்றவருக்குக் காட்டக்கூடாது. ஐந்து தாள் நடுவில், அது எல்லாருக்கும் பொது. கைத்தாள் பிடிக்காவிட்டால் எறிந்துவிட்டு அந்த ஆட்டத்தில் சேராமல் இருக்கலாம்.

"துரும்பு எது?" என்று கேட்டேன். மற்றச் சாதிகளை வெட்டுகிற சாதிக்குத்தான் துரும்பு என்று பேர்.

"துரும்பு இல்லை."

"துரும்பில்லாத விளையாட்டோ? உப்பில்லாத கஞ்சி மாதிரி."

"அம்மம்மா, ஆறு மணிக்கு அனுப்பவேணும். கேளுங்கோ. என்ரை கையிலை ரெண்டு ஏஸ் வந்தது. நான் எறிஞ்சனான். சரியோ பிழையோ?"

"சரிதான். ஏஸ்தானே, எறி" என்றேன் நான்.

அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். இரண்டு கிழமையாக அந்த முடிவைப் பற்றித் தன் சிநேகிதர்களோடு சண்டை பிடித்திருக்கிறாள், ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒரு நொடியில் சரி என்றுவிட்டேன். பிறகு அவளுக்கே பொறி தட்டியது. எங்கள் 304இல் ஏஸ் பெரிய ஆள் இல்லை. ஜாக்தான் பெரியவன், அவனுக்கு அடுத்தது ஒன்பது, ஏஸ் மூன்றாவதாகத்தான் வரும்.

"இஞ்சை அப்பிடி இல்லை அம்மம்மா. போக்கரிலை ஏஸ்தான் எல்லாத்திலும் பெரிசு. ரெண்டு ஏஸ் வந்தால் அதுக்கு மேலை தாளே இல்லை."

"அப்ப ஏனடி எறிஞ்சனீ? பைத்தியமே உனக்கு? வீடு தேடி வந்த சீதேவியைக் காலாலை உதைச்சிருக்கிறாய்!"

பேப்பருக்குப் பின்னால் இருந்து ஒரு கனைப்பு வந்தது. அவரும் என் பக்கம்தான்.

பேத்தி கட்டுரையை வாசித்துக் காட்டினாள். எட்டுப் பக்கம். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நூற்றுக்கு இவ்வளவு, பத்துக்கு இவ்வளவு என்று ஒரே எண்கள். எண் எனக்குத் தெரியும், எழுத்துத்தான் தெரியாது. ஆனாலும் மண்டைக்குள் போகவில்லை. நல்ல தாள் வந்தால் விளையாட வேண்டும், கெட்ட தாள் வந்தால் எறிய வேண்டும், இதில் என்ன ஆராய்ச்சி? திருப்பிச் சொன்னாள். வேறு மாதிரிச் சொன்னாள். மூன்று மணி ஆகிவிட்டது. அவள் முகம் வாடிப்போனது.

"உங்களுக்கு விளங்காட்டி ஒருத்தருக்கும் விளங்காது. எனக்கு அந்த இடம் கிடைக்காது" என்று மேசையில் தலையைக் கவிழ்த்தாள்.

வாசிக்கத் தெரியாததற்காக நான் வெட்கப்பட்ட நாட்கள் உண்டு, ஆனால் ஒரு விசயம் விளங்காததற்காக வெட்கப்பட்டது அன்றுதான். வறுத்த கச்சானைத் தட்டோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் யார் அழுதாலும் முதலில் சாப்பிட ஏதாவது வைப்போம்.

"எண்ணிக் கதைக்காதை பிள்ளை. வைச்சுக் காட்டு" என்றேன்.

அவள் கச்சான் தட்டைப் பார்த்தாள். சட்டென்று எழுந்துபோய் ஆறு சின்னத் தட்டுகளை எடுத்துவந்து மேசையைச் சுற்றி வைத்தாள். போட்டியில் கடைசியாக மிஞ்சியது ஆறு பேராம். ஒவ்வொருவர் கையிலும் இருந்த பந்தயக் காய்களுக்குப் பதிலாகக் கச்சான். ஒரு தட்டில் குவியலாக நாற்பது. அவர் பெரிய ஆள். அவளுடையதில் பன்னிரண்டு. மற்ற மூன்று தட்டுகளில் பத்துப் பத்தளவில். யன்னலோரமாக, மருமகனின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்த ஆறாவது தட்டில் ஒரே ஒரு கச்சான்.

"இப்ப பாருங்கோ. இது ஒரு பெரிய போட்டிக்குப் போறதுக்கான தெரிவுப் போட்டி. அஞ்சு பேருக்கு இடம் இருக்கு. ஆறு பேர் நிக்கிறம். ஒராள் வெளியிலை போனால் மிச்ச அஞ்சு பேருக்கும் கதிரை."

"முதலாவதா வாறவருக்கு?"

"ஒரு கதிரை."

"அஞ்சாவதா வாறவருக்கு?"

"அதே கதிரைதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்பது கச்சானோடை நிண்டாலும் ஒண்டுதான், ஒரு கச்சானோடை நிண்டாலும் ஒண்டுதான்."

அது எனக்கு விளங்கியது. பஸ்ஸில் முன்னால் ஏறினவரும் பின்னால் ஏறினவரும் ஒரே ஊரில்தானே இறங்குகிறார்கள்.

"இப்ப பெரிய ஆள் தன்ரை எல்லாத்தையும் நடுவிலை தள்ளுறார். எதிர்த்தால் நானும் என்ரை பன்னிரண்டையும் தள்ளவேணும். என்னட்டை ரெண்டு ஏஸ். அஞ்சு தரம் இப்பிடி எதிர்த்தால் நாலு தரம் நான் வெல்லுவன், ஒரு தரம் தோற்பன். தோத்தால் நான்தான் ஆறாவது. வீட்டை போகவேண்டியதுதான்."

சொல்லிவிட்டுப் பெரிய ஆளின் தட்டை நடுவுக்குத் தள்ளப் போனவள் நின்றாள். குவியல் பாதியாக இருந்தது. பேப்பருக்குக் கீழே ஒரு கை நைசாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அப்பா! நீங்கள் பெரிய ஆளைத் தின்னுறியள்!"

"பெரிய ஆள்தானே, தாங்குவார்" என்றது பேப்பர்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு பிடி கச்சான் போட்டுக் குவியலை நிரப்பினேன். பேத்தி விட்ட இடத்தில் இருந்து தொடங்கினாள். எறிந்தால் என்ன நடக்கும், பெரிய ஆள் என்ன செய்வார், மற்ற மூன்று பேரும் என்ன செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டு போனாள். நான் மறுபடியும் வழிதவறிவிட்டேன். நாலு தரம் வெல்லுமாம், ஒரு தரம்தான் தோற்குமாம், பிறகேன் பயப்பட வேண்டும்? அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளும் பொறுமையை இழந்து, நானும் பொறுமையை இழந்து, இரண்டு பேரும் குரலை உயர்த்திக்கொண்டிருந்த நேரம், மொறுக் என்று ஒரு சத்தம்.

யன்னலோரத் தட்டைப் பார்த்தோம். வெறுமை.

"ஐயோ அப்பா! சின்ன ஆளைத் தின்னுட்டியள்!"

மருமகன் முதல்முறையாகப் பேப்பரை இறக்கினார். மென்றுகொண்டே, "ஒரு கச்சான்தானே பிள்ளை?" என்றார்.

"ஒரு கச்சானோ? முழுப் போட்டியும் முடிஞ்சுது! ஆறாவது ஆள் போயிட்டார். இப்ப எல்லாருக்கும் கதிரை!"

அவள் எரிச்சலில்தான் சொன்னாள். ஆனால் நான் அந்த வெறும் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மற்றத் தட்டுகளைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை. பேத்தியின் பன்னிரண்டு கச்சானும் தொடாமல் அப்படியே இருந்தன. ஆனால் அவளுக்குக் கதிரை கிடைத்துவிட்டது.

"பொறு பிள்ளை. அந்தச் சின்ன ஆள் அடுத்த முறை என்ன செய்வார்?"

"அடுத்த முறை அவர் அந்த ஒண்டையும் கட்டாயம் வைக்கவேணும். அது விதி. பெரும்பாலும் போயிடுவார்."

"அப்ப நீ சும்மா இருந்தாலே காணும். சும்மா இருக்கிறதுக்கே கதிரை தாறான். அதை விட்டிட்டுப் பெரிய ஆளோடை போய் முட்டி, வெண்டாலும் அதே கதிரை, தோத்தால் தெரு. ரெண்டு ஏஸ் என்ன, நாலு ஏஸ் வந்தாலும் எறியவேணும்!"

பேத்தி கதிரையை விட்டு எழும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாததை அவளுடைய அப்பா ஒரு கடியில் சொல்லிவிட்டார்.

மருமகன் விடவில்லை. "சரி, எறிஞ்சாய். கதிரை கிடைச்சதோ?"

அப்போதுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள். கிடைக்கவில்லை. அவள் எறிந்ததும் பெரிய ஆள் கேலியாகத் தன் தாளைத் திருப்பிக் காட்டினாராம், ஒரு ஏழும் ஒரு இரண்டும். வெறும் குப்பை. எதிர்த்திருந்தால் அநேகமாக வென்றிருப்பாள். அந்தச் சின்ன ஆளோ அடுத்த முறை ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, நாலை எட்டாக்கி எழும்பி வந்துவிட்டார். கட்டாயமாக வைக்க வேண்டியதை வைத்து வைத்தே இவளுடையது கரைந்து, கடைசியில் ஆறாவது ஆளாக வெளியே போனது இவள்தான்.

"தோத்த ஆட்டத்தையோ எழுதி அனுப்பப் போறாய்? வெண்ட ஆட்டம் ஒண்டும் இல்லையோ?" என்று மருமகன் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

அவள் சொன்ன பதிலை மகளிடம் வார்த்தை பிசகாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"வெண்டது தோத்தது பிறகு வந்தது அப்பா. எறியேக்குள்ளை எனக்கு அது தெரியாது. அந்த நேரம் தெரிஞ்சதை வைச்சுத்தான் முடிவு சரியோ பிழையோ எண்டு பாக்கவேணும். பிழையா விளையாடி வெண்ட ஆட்டம் நூறு இருக்கு என்னட்டை. அதைப் பற்றி எழுத எனக்கு வெக்கம். இதை இன்னும் நூறு தரம் தந்தாலும் எறிவன்."

என் கை மேசையில் சிந்தின கச்சானை அள்ளிக்கொண்டிருந்தது. நான் அங்கே இல்லை. லில்லெஸ்ட்ரோம் மண்டபத்தில் இருந்தேன்.

ஒரு வருடமாக நான் யாருக்கும் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருந்தது. ஒளித்தேன் என்று இல்லை, எனக்கே அது முக்கியமாகப் படவில்லை. அன்று ஐந்து சோடிகள் மிஞ்சியிருந்தன. நாலு சோடி அடுத்த சுற்றுக்குப் போகலாம். பலகையில் எழுதியிருந்த புள்ளிகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. நாங்கள் மூன்றாவது. ஐந்தாவதாக இருந்த சோடி எட்டாத தூரத்தில். எங்களுக்கு மிச்சம் ஒரே ஓர் ஆட்டம். அதில் எதிர்ச் சோடி ஏற்கெனவே கேள்வி கேட்டுவிட்டார்கள், அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேசாமல் விட்டிருந்தால், தோற்றாலும் அடுத்த சுற்றுத்தான். அப்போது என் கையில் இரண்டு ஜாக்கும் ஒரு ஒன்பதும் வந்தன. அதற்கு மேல் எனக்குப் பலகையும் தெரியவில்லை, சோடியும் தெரியவில்லை. எட்டுப் பிடியும் நாங்களே எடுப்போம் என்று நான்தான் சொன்னேன். நான்தான். மருமகன் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏழு பிடி எடுத்தோம். எட்டாவது போனது. எட்டுப் பிடியும் என்று சொல்லித் தவறினால் தண்டம் மிகப் பெரிது, அது எங்களை ஒரேயடியாக ஐந்தாம் இடத்துக்குத் தள்ளியது.

ஆறாவது பிடியில் அவர் விட்ட ஏஸைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன நான், அந்தக் கேள்வியையே கேட்டிருக்கக் கூடாது என்பதை ஒருநாளும் யோசிக்கவில்லை. அந்த மனுசனுக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? ஒரு வருடம் முழுக்கத் தெரிந்துகொண்டு, மாமி என்ற மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு, என் பிழையைத் தன் தலையில் சுமந்திருக்கிறார்.

பேத்தியிடம் சொல்லச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு வேண்டாம் என்று நேரே திரும்பினேன்.

"தம்பி, லில்லெஸ்ட்ரோமிலை பிழை என்ரை. நான் கேட்டிருக்கக் கூடாது. விட்டிருந்தால் நாங்கள் போயிருப்பம்."

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். காது சிவந்துவிட்டது.

"நானும் ஆறாம் பிடியிலை ஏஸை விட்டனான்தானே மாமி."

"அது சின்னப் பிழை. என்ரை பெரும் பிழை."

"அது சரி" என்றார் மருமகன். மறுக்கவில்லை! ஒரு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் அந்த இரண்டு சொல்லில் இருந்தது. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நோர்வேக்காரி தடியால் கூரையைத் தட்டினாள். அவள் நல்லவள், மற்ற நாட்களில் தட்டமாட்டாள்.

பேத்தி முதலில் சிரிப்பை நிறுத்தினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலரை.

"அம்மம்மா, இதை எழுதட்டோ? உங்கடை 304ஐ? முதலிலை அதைச் சொல்லி, பிறகு கச்சானைச் சொல்லி, பிறகு என்ரை ஏஸைச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் நீங்கள் பிழை விட்டது எல்லாருக்கும் தெரியவரும்."

நான் மருமகனைப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். முடிவு என்னுடையது என்று விட்டுவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் தயங்கினேன். கோயிலில் எத்தனை பேரிடம் அவரைக் குறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பிள்ளை தான் தோற்ற ஆட்டத்தையே துணிந்து எழுதுகிறாள். கிழவி எனக்கு என்ன வந்தது?

"எழுது. கிழவிதான் கேட்டவள் எண்டு வடிவா எழுது."

எட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலில் இருந்து எழுதினாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மருமகன் பேப்பர் பக்கம் போகவேயில்லை, அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்றார். "தண்டம் எவ்வளவு எண்டும் எழுது" என்றார். "மாமியின்ரை கையிலை ரெண்டு ஜாக் எண்டது முக்கியம், அதை விட்டிடாதை" என்றார். சூது என்ற பேச்சே வரவில்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, அவள் ஒரு விரலால் தட்டி அனுப்பினாள். மூன்று பக்கம்தான் வந்தது.

பிறகு நாலு நாள். வீட்டில் தொலைபேசி அடித்தாலே நான் நெஞ்சைப் பிடிப்பேன், பதில் கம்ப்யூட்டரில்தான் வரும் என்று எத்தனை முறை சொன்னாலும். வியாழக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் முதுகுக்குப் பின்னால் நின்றேன். திரையில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் மெல்ல மெல்ல இறங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

"கிடைச்சிட்டுது அம்மம்மா" என்று சொன்னது அழுகையோடு வந்தது.

மூன்று பேரிலும் தோற்ற ஆட்டத்தை அனுப்பினது அவள் ஒருத்திதானாம். அந்த இணையத்தளத்தில் எல்லாருக்கும் மூத்தவர் எழுதியிருந்தாராம், கச்சான் பகுதியை வாசித்தபோதுதான் தனக்கே இந்த விசயம் முழுதாக விளங்கியது என்று. மருமகன் வேலையால் வந்ததும் சொன்னோம். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போனார். அரை மணி கழித்து ஒரு பெரிய கேக்கோடு வந்தார். அதன் மேல் எழுதியிருந்தது அவளுடைய பெயரா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை, கேக் நன்றாக இருந்தது.

அந்தக் கட்டுரை வந்த பிறகு ஒரு தமிழ்ப் பொடியன் அதை வாசித்து, தன் தாய்க்குச் சொல்லி, அந்தத் தாய் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லி, அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நான் கால் வைக்கவும், "என்ன அக்கா, கேட்டது நீங்களாமே?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஓம், நான்தான் என்றேன். மருமகன் பாவம் என்றேன். பிறகு அவர்கள் கேட்காமலே, "எழுதினது என்ரை பேத்தி, தெரியுமோ? நோர்வேக்காரருக்கே அவள்தான் விளங்கப்படுத்திறாள்" என்று தொடங்கினேன். அவர்கள் தப்பி ஓட அரை மணித்தியாலம் ஆனது.

இரண்டு வருடத்துக்கு மேல் கிழமைதோறும் எழுதினாள். ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன்னால் குசினிக்கு வந்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். எனக்கு விளங்காவிட்டால் திருத்துவாள். எழுத்துத் தெரியாத எனக்கு அப்படி ஓர் உத்தியோகம் கிடைத்தது. மருமகன் அவற்றை அச்செடுத்து பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோய்ச் சக ஓட்டுநர்களுக்குக் காட்டுவாராம். இதை அவர் எனக்கு நேரே சொன்னார். நாங்கள் இப்போது கொஞ்சம் நேரேயும் கதைக்கிறோம்.

இன்றைக்கும் யாராவது ஒருவரைக் காட்டி, அவரால்தான் எல்லாம் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும்போது, அந்த நேரத்தில் அவர் கையில் என்ன தாள் இருந்தது, என் கையில் என்ன தாள் இருந்தது என்று முதலில் நின்று யோசிக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கு இந்தப் புத்தி வந்தது என் பேத்தியால் என்று சொல்லிக்கொள்வதுதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பெருமை.